கறுப்பா சாம்பலா

ஆகஸ்ட் 19

புகைபோக்கி சுத்தம் செய்பவர் வந்தார். கணப்பு அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கரி பூசிய மூக்கோடு வெளியே வந்து, "இர்யா, இதுல இனிமே நெருப்பு மூட்டுனா வீட்டோட சேத்து நீயும் வெந்துடுவ" என்றார். பயன்படுத்தக் கூடாது என்று ஒரு சீட்டையும் ஒட்டிவிட்டு, என் காப்பியையும் குடித்துவிட்டுப் போனார். பனி விழுவதற்குள் புதுக் கணப்பு கட்டியாக வேண்டும்.

அது கிடக்கட்டும். என் கவலை ஹெய்மோ. நடனக் கொட்டகையில் டாங்கோ ஆடியபோது பிடித்து வந்த ஆள். ஜூனிலிருந்து இங்கேதான் இருக்கிறார். அவரும் தனி, நானும் தனி. அவர் ஊர் ஹமே மாகாணம், பேச்சுக்குப் பஞ்சமான பக்கம். எங்கள் கரேலியா மாகாணத்தில் தொட்டில் பிள்ளைகூட அவரைவிட அதிகம் பேசும். குளிர்காலத்துக்கு இருப்பாரா, ஊருக்குக் கிளம்பிவிடுவாரா? வாயைத் திறந்து கேட்கலாம்தான். "கிளம்புறேன்" என்று சொல்லித் தொலைத்தால்?

கல் தேர்ந்தெடுக்க அவரைக் கூட்டிப் போகிறேன். இருக்கப் போகிறவர் என்றால் கல்லில் அக்கறை காட்டாமலா இருப்பார்!

ஆகஸ்ட் 24

கல் பட்டறைக்குப் போனோம். போக வர காரில் ஹெய்மோ பேசியது: "மான்." உண்மையிலேயே ஒரு மான் சாலையில் நின்றது.

கணப்பு முழுக்க மாக்கல்தான், சூட்டை விடாமல் பிடித்து வைக்கும். வெளிமுகத்துக்கு எது என்பதுதான் கேள்வி. வீட்டுக்கு எடுத்துப் போக மூன்று மாதிரிக் கற்கள் கொடுத்தார்கள். வெறும் சாம்பல் மாக்கல், வெள்ளை நரம்போடியது, பளபளவென்று மெருகேற்றிய கறுப்புக் கருங்கல்.

ஆகஸ்ட் 25

சாம்பல் கல்லைச் சமையலறை அடுப்பில் சூடாக்கி, துண்டில் சுற்றி, வயிற்றில் வைத்துக்கொண்டு சோபாவில் மத்தியானத் தூக்கம் போட்டார் ஹெய்மோ. சௌனா நீராவிக் குளியலுக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போனார். ஒரு கல்லைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைக்கு வந்துவிட்டேன்!

ஆகஸ்ட் 27

இன்று மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துக் கேட்டே விட்டேன்.

சாம்பல்? "மோசமில்ல."

நரம்பு? "ம்."

கறுப்பு? வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு."

நல்லா! அவர் வாயிலிருந்து! பக்கத்து வீட்டு ஆய்லியிடம் ஓடினேன். "அடியே, ஹமேக்காரன் 'நல்லா'ன்னு சொன்னா அது கல்யாணம் பேசுன மாதிரிடீ" என்றாள். உடனே பட்டறைக்குப் போன் போட்டுக் கறுப்புக்குச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 30

கறுப்பு வரப்போகிறது என்று சொன்னதிலிருந்து ஹெய்மோ படகை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய்விடுகிறார். மீன் ஒன்றும் வருவதில்லை. இன்று தூண்டிலே எடுத்துப் போகவில்லை.

செப்டம்பர் 3

அவருடைய தங்கை சிர்க்கா ஹமேயிலிருந்து பேசினாள். கல் கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது அவளுக்கு.

"நல்லாத்தான் இருக்குன்னா சொன்னான்? போச்சு போ. எங்க ஊர்ல அதுக்கு அர்த்தம், என் கண்ணு முன்னாடியே கொண்டு வராதேன்னு. பல் டாக்டர் பொய்ப்பல் கட்டுனப்பகூட அண்ணன் அதான் சொன்னான்."

"அப்ப 'மோசமில்ல'?"

"அதுக்கு மேல எங்ககிட்ட வார்த்தையே கிடையாது. டிராக்டர் வாங்குனப்ப ஒரு தடவ சொன்னான்."

அட கடவுளே. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கணும்? — போகப் போகிறவருக்கு எந்தக் கல்லாய் இருந்தால் என்ன, அதானே? அதானா? அழுகையா வருது. ஒரு கல்லுக்காகவா அழுவேன், கிறுக்கச்சி.

செப்டம்பர் 4

காப்பி குடிக்கும்போது வேண்டுமென்றே சொன்னேன்: "திங்கக்கிழம கறுப்புக் கல்லு வருது."

கோப்பையை வைத்தார். "வேண்டாம்."

"நல்லாத்தான் இருக்குன்னியே!"

"ஆமா. அதான் வேண்டாம்."

எனக்கு வந்ததே கோபம். உனக்கெல்லாம் நாக்கு எதுக்கு, காப்பி சூடு பாக்கவா என்று ஆரம்பித்து, அவர் பிறந்த மாகாணம், அங்கே உள்ள மாடுகள் வரைக்கும் திட்டினேன். அப்போதுதான் மனுஷன் எழுந்து நின்று கத்தினார். ஹெய்மோ, கத்தினார்!

"கண்ணாடி மாதிரி மின்னுது அது! சாகிற வரைக்கும் தினம் சாயங்காலம் என் மூஞ்சியையே நான் பாத்துக்கிட்டு உக்காரணுமா?"

பாதித் திட்டு வாயிலேயே நின்றுவிட்டது.

"எங்க உக்காருவ?" என்றேன்.

"இங்கதான். வேற எங்க?" இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்துவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார்.

அப்புறமும் அழுதேன். இது வேறு அழுகை.

செப்டம்பர் 5

பட்டறைக்குப் போன் செய்து சாம்பல் கல்லுக்கு மாற்றச் சொன்னேன். அந்த ஆள் சலித்துக்கொண்டார். "சரி, இது யார் இஷ்டம்? உன்னோடதா, அவரோடதா? நாளைக்கு இன்னொருத்தர் மாத்தக் கூடாது பாரு."

"எங்களோடது" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, ஹெய்மோ கோடரியோடு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.