ரக்பியை எவன் பார்ப்பான்

ஜூலை, ஞாயிறு இரவு

கோபம் இன்னும் ஆறவில்லை. அண்ணனின் ஃபுட்பால் மேட்ச் என்றால் தாராவியில் எங்கள் சந்தே திரண்டு போகும். யாராவது உரசினாலே காலைப் பிடித்துக்கொண்டு உருளுவான்; அம்மா அழுவாள். இன்று என் ரக்பி மேட்ச்சுக்கு ஒருவரும் வரவில்லை. உதடு கிழிந்தும் கடைசிவரை ஆடினேன். எங்கள் ஆட்டத்தில் உருள நேரம் கிடையாது.

திரும்பி வந்தபோது கூட்டாளிகளோடு வாசலில் நின்ற அண்ணன் சிரித்தான். “ஏட்டி, பந்தைப் பின்னால எறியுத வெளையாட்ட எவன் பாப்பான்?”

பையைக் கீழே போட்டேன். ஓடிப்போய், ரக்பியில் எதிராளியை மடக்குவதுபோல், அவன் இடுப்பில் தோளைக் கொடுத்துச் சாய்த்தேன். சகதியில் மல்லாந்து விழுந்தான். இந்த முறை உருளவில்லை.

“பொட்டப்பிள்ள செய்யுத வேலையா இது?” என்று அம்மா கத்தினாள். சந்து முழுக்க வெளியே வந்து நின்றது. எவன் பாப்பான் என்று கேட்டவன், அந்தக் கூட்டத்தைக் கீழே கிடந்தபடி பார்த்தான்.