சாம்பல் இல்லாத ரத்தம்

நண்பா, ஊசியைப் பார்த்ததும் நான் உன் மடியில் மயங்கி விழுந்ததை என் மனைவி எங்கள் போலகம் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். இன்றும் மளிகைக் கடைக்காரர் எனக்குக் கோணி ஊசியைக் காகிதத்தில் மறைத்துத்தான் தருகிறார். காலையில் அவள் கொல்லையில் கை வழுக்காமலிருக்க விரால் மீனுக்குச் சாம்பல் தடவிக்கொண்டிருந்தாள். உன் நினைவு வந்துவிட்டது.

காரைக்காலில் நீ பாடம் நடத்திய கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் எனக்கு நுண்ணோக்கியைக் காட்டினாய். கறுப்பு மை நடுவே கிருமிகள். ஒவ்வொன்றைச் சுற்றியும் மை புகாத வெள்ளை வளையம். "அதான் உறை. விரால் மாதிரி வழவழன்னு இருக்கும். வெள்ளை அணு புடிக்கப் போனா நழுவிடும்" என்றாய். அதற்கென்றே நம் ரத்தத்தில் பிறவியிலிருந்தே சில புரதங்கள் மிதக்கின்றனவாம். யாரும் சொல்லித் தராமலே அந்நியனை அடையாளம் கண்டு உறைமேல் அப்பிக்கொள்ளுமாம். அப்புறம் வெள்ளை அணுவுக்குப் பிடி கிடைத்துவிடும். "சாம்பல்தாண்டா அது."

நம் இருவர் ரத்தத்தையும் என் வீட்டில் எடுத்தாய். மேலே தெளிந்த நீரை இரண்டு குழாய்களில் அடைத்து, ஐஸ் கிடைக்காததால் வெயில் படாமலிருக்க எங்கள் காபி பிளாஸ்க்கில் வைத்து பஸ் ஏறினாய். திரும்பி வந்தபோது உன் முகம் வெளுத்திருந்தது. உன் நீரை விட்ட இடத்தில் அணுக்கள் கிருமிகளை வயிறு முட்டத் தின்றிருந்தனவாம். என்னுடையதில் ஒன்றைக்கூடத் தொடவில்லையாம்.

"அப்ப ஒரு சளி புடிச்சாலே நான் போயிடுவனா?" இன்னொரு முறை எடுத்துப் பார்க்கலாம் என்றாய். சாவைவிட ஊசிக்கு அதிகம் பயந்தவன், மறுத்துவிட்டேன். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தும்முகிறவர்களைக் கண்டால் தெரு மாறி நடந்தேன். பங்காளியோடு சமாதானம்கூட ஆனேன். அது ஒன்றைத்தான் இன்றுவரை தாங்க முடியவில்லை.

கடைசியில் நீயே ஓடி வந்தாய். "ஏன் தங்கச்சி, பிளாஸ்க்க வெந்நி ஊத்திக் கழுவினியா?" என்று என் மனைவியிடம் கேட்டாய். காபி பிளாஸ்க்கை வேறெப்படிக் கழுவுவார்கள்? "அவ்ளோதாண்டா. உள்ள மிச்சமிருந்த சூட்டுல அந்தப் புரதம் செத்துடும். ஒனக்கு ஒண்ணுமில்ல." குழந்தைபோல் அழுதேன்.

பிறகு ஒரு மார்கழியில் அதே உறைக் கிருமி உன் நுரையீரலில் புகுந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. தருமபுரத்தில் உன் வீட்டு வாசலில் நின்றபோது எனக்கு அழுகைகூட வரவில்லை. நல்ல ரத்தக்காரன் நீயல்லவா?

இதையெல்லாம் இன்று சொன்னபோது அவள் கை சாம்பலோடு அப்படியே நின்றது. "அண்ணன் குழாயும் அதே பிளாஸ்க்லதான போச்சு? சூடு ஒங்க குழாய மட்டுமா தேடிப் போச்சு?"

நீ இரக்கப்பட்டுச் சொன்ன அந்தப் பொய்யையும், சாம்பல் இல்லாத இந்த ரத்தத்தையும் இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். இதுவரை ஒரு சளிகூடப் பிடித்ததில்லை.