ஐந்தாவது பெயருக்கு இரண்டு சம்மதம்

கார் இரண்டு நாளாகத் தைலம் மணக்கிறது. எல்லா ஜன்னலையும் இறக்கிவிட்டு கேட்டி ஊர் முழுக்க ஓட்டிப் பார்த்தாயிற்று, போகவில்லை. சனிக்கிழமை பயிற்சி முடிந்து என் காரில் ஏறிய உன் மகள் நிலா, பையிலிருந்து அந்தச் சின்னப் பச்சை டப்பாவை எடுத்து முழங்காலில் தேய்த்துக்கொண்டாள். உன் டப்பாதான். மூடியில் உன் பல் பட்ட தடம் அப்படியே இருக்கிறது. நீ எதையும் பல்லால்தானே திறப்பாய்.

"முட்டி வலிக்குதா?" என்று கேட்டேன்.

"நோ. ஸ்மெல் பிடிக்கும்," என்றாள்.

அதற்கு மேல் என்ன கேட்பது? ரேடியோவைப் போட்டேன்.

இந்த மாதிரி மடல் எழுதுகிற ஆள் நான் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் உன் மகள் மேல் ஒரு புகார் இருக்கிறது. அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? சிவாவிடம் சொன்னால், "பாஸ்கெட்பால் சமாச்சாரமா? ஆளை விடுப்பா," என்று சமையலறைக்குப் போய்விடுவார். உன் புருஷன் இத்தனை வருடத்தில் கற்றுக்கொண்டது ஸ்கோர் பார்ப்பது மட்டும்தான். அதையும் "எத்தனை ஓவர் பாக்கி?" என்றுதான் கேட்பார்.

நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் நம் அபார்ட்மெண்ட் வளாகத்துக்குப் பின்னால் இருந்த கோர்ட் நினைவிருக்கிறதா? வலை கிழிந்து ஒரு பக்கமாகத் தொங்கும். பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் இறங்கி, அலுவலக எரிச்சலோடு நான் அந்தப் பக்கம் வந்த ஒரு சாயங்காலம், நீ முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு தனியாக ஷாட் போட்டுக்கொண்டிருந்தாய். "நீங்க தமிழா?" என்றேன். பதிலுக்கு என் நெஞ்சைப் பார்த்துப் பந்தை எறிந்தாய். நான் பிடிக்காமல் விட்டுவிட்டேன்.

"இங்க நீங்க, வாங்க எல்லாம் வேண்டாம். பந்து வரும்போது 'நீங்க பிடிங்க'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அது ரோட்டுக்குப் போயிரும். நீன்னே சொல்லு."

என்னைவிட ஆறேழு வயது மூத்த ஒரு பெண்ணை நான் நீ என்று கூப்பிட ஆரம்பித்தது அப்படித்தான். அம்பத்தூரில் இருக்கும் என் அம்மாவுக்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. வீடியோ காலில் நான் உன்னை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நீ கோயம்புத்தூரில் கல்லூரி அணிக்கு ஆடியவள். கூடைக்கு அடியில் நின்று இடி வாங்கும் இடம் உன்னுடையது. மூன்றாம் வருடம் முட்டி போனது, ஆட்டமும் அதோடு போனது. புள்ளியியல் படித்து, நியூ ஜெர்சிக்கு மருந்துக் கம்பெனி வேலைக்கு வந்தாய். எனக்குப் பந்தைவிடப் பந்தைப் பற்றிய எண்கள்தான் பழக்கம். அதனால் நமக்குள் சண்டை வராமல் இருந்தால்தான் அதிசயம்.

முதல் சண்டை உன் வீட்டு ஹாலில், அரிசிம்பருப்பு சாதத் தட்டோடு. மார்ச் மாதம். பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்துக்கு அந்த வருட விருதுகளை அறிவித்திருந்தார்கள். சிறந்த வீராங்கனை, முதல் அணி, இரண்டாம் அணி என்று வரிசையாக. முதல் அணியின் ஐந்து பேரையும், ஆட்ட எண்களை வைத்துக் கணிக்க நான் எழுதிய மாடல் சரியாகச் சொல்லியிருந்தது. நான் மிதந்துகொண்டிருந்தேன்.

நீ பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய். "அஞ்சும் ஷாட் போடற புள்ளைக. இந்த அஞ்சையும் கோர்ட்ல எறக்கு. பந்தை யாரு எடுத்துக் குடுப்பா? யாரு இடி வாங்குவா?"

"இது அவார்டு. இவங்க யாரும் சேர்ந்து ஆடப் போறதில்ல."

"அப்பறம் எதுக்கு டீம்னு பேரு வெச்சான்?"

நீ கேட்டது நியாயம்தான். அதனால் எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலில் இருந்துதான் 'நம்ம அஞ்சு' பிறந்தது. விதிகளை நீ விரல் மடக்கிச் சொன்னாய். விருதுப் பட்டியலில் இருந்து ஆளுக்கு இரண்டு பேர், அதில் மற்றவர் வாய் திறக்கக் கூடாது. ஐந்தாவது ஆள் பட்டியலிலேயே இல்லாதவளாக இருக்க வேண்டும். அந்த நாலு பேரையும் அணியாக்கப் போகிறவள் அவள்தான். அவளுக்கு மட்டும் இரண்டு பேர் சம்மதமும் வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் காலி. அந்த சீசனின் கடைசி ஆட்டம் முடிகிறவரை பேசிப் பார்க்கலாம், அதற்குப் பிறகு மாற்ற முடியாது.

அந்த ஐந்து பெயரையும் அச்செடுத்து லாண்டரி ரூம் பலகையில், யோகா வகுப்பு நோட்டீசுக்கும் காணாமல் போன பூனைக்கும் நடுவில் ஒட்டினோம். மறுநாளே பி பிளாக் ஆன்ட்டி ஒருவர் என்னை நிறுத்தி, "தம்பி, இந்த அஞ்சு பேருக்கும் எந்த பில்டிங்ல வீடு?" என்று கேட்டார். நீ சிரித்துச் சிரித்து துணிக்கூடை மேல் உட்கார்ந்துவிட்டாய்.

இரண்டாவது வருடம் நான் ஐந்தாவது இடத்துக்கு ஒரு பெண்ணைச் சொன்னேன். முட்டி அறுவை சிகிச்சை முடிந்து திரும்பி வந்தவள். உனக்குப் பிடிக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ முறைத்தாய்.

"ஆட்டம் நல்லா இருக்கா?"

"பரவால்ல. ஆனா திரும்பி வந்திருக்கா பாரு."

"பாவம் பாத்துப் போட்டா அது டீம் இல்லடா, அன்னதானம். என்ற முட்டிக்கு எவனாவது இப்படி எடம் குடுத்திருந்தா அவன் மூஞ்சிலயே பந்தை அடிச்சிருப்பேன்."

அப்புறம் வந்தாள் பதினொன்று. டெக்சஸில் ஒரு கல்லூரி, முதல் வருடப் பெண். நாம் ஆட்டக்காரிகளைச் சட்டை எண்ணால்தானே கூப்பிடுவோம். இவள் புள்ளி எடுக்க மாட்டாள். எதிரணிக்காரியின் வழியில் சுவர் மாதிரி அசையாமல் போய் நிற்பாள், அந்த இடைவெளியில் இவள் தோழி விடுபட்டு ஷாட் போடுவாள். அதற்குப் பெயர் ஸ்கிரீன். எந்த ஸ்கோர் தாளிலும் அது ஏறாது. என் மாடலுக்கு அவள் இருப்பதே தெரியவில்லை. நீ ஐந்தாவது இடத்துக்கு அவளைச் சொன்னாய். நான் முடியாது என்றேன்.

"இவ கோயம்புத்தூர்ல ஆடின நீ. நீ இவளுக்கு ஓட்டுப் போடல, உனக்கே போட்டுக்கற."

நீ சில நாள் என்னோடு பேசவில்லை. சொன்னதை நான் திரும்பப் பெறவும் இல்லை, சரியென்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு என் வீட்டு வாசலில் நின்றாய், "வாய மூடிட்டு இதைப் பாரு," என்று. பார்த்தேன். அப்போதும் முடியாது என்றேன். அந்த வருடம் லாண்டரி ரூமில் நாலு பெயர்தான் ஒட்டினோம். "நாலு பேரோட ஆடக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல. ஃபவுல் ஆகி ஆளுக வெளிய போனா மிச்சம் இருக்கறவங்கதான் ஆடோணும்," என்றாய். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சொன்னாய்.

தீபாவளிக்கு வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். பொங்கலுக்கு நீ இல்லை. நடுவில் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் நீ உடம்பைப் பற்றிப் பேசவிடவில்லை.

"பதினொண்ணு நேத்து என்ன பண்ணினா?"

"ரெண்டு பாயிண்ட்."

"ஸ்கிரீன்?"

"அதை எவன் எண்ணுவான்?"

"நீதான் எண்ணோணும். சும்மாதான இருக்க."

அந்த மார்ச்சில் 'நம்ம அஞ்சு' இல்லை, அடுத்த மார்ச்சிலும் இல்லை. எனக்கு டெக்சஸில் இந்தக் கேட்டிக்கு வேலை மாறியது. சில மாதம் கழித்து சிவா, தன் அக்கா வீட்டுக்குப் பக்கம் என்று இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் பேர்லேண்டில் வீடு பார்த்து வந்துவிட்டார். நிலா அங்கே பள்ளி அணியில் ஆடுகிறாள், சனிக்கிழமைகளில் மட்டும் என் வீட்டுப் பக்கம் கேட்டியில் தனிப் பயிற்சி. சிவாவுக்குச் சனிக்கிழமையும் வேலை என்பதால் அவளைப் பயிற்சியில் இருந்து கூட்டிப்போய் வீட்டில் விடுவது என் பொறுப்பு. ஒரு மணி நேரம் ஃப்ரீவேயில் அவளும் நானும் பேசிக்கொள்வது மொத்தமே நாலு வாக்கியம். என்னை அங்கிள் என்கிறாள். எனக்கு என்ன வயதாகிறது?

இந்த சீசன் பதினொன்றுக்குக் கடைசி வருடம். என்னால் வேறு எதிலும் உட்கார முடியவில்லை. ஒரு வேலையைத் தொட்டால் பாதியில் எழுந்துவிடுகிறேன். அதனால் எண்ணினேன். அவள் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அவள் போட்ட ஒவ்வொரு ஸ்கிரீனையும், அதற்குப் பிறகு ஷாட் விழுந்ததா என்பதையும் கையால் குறித்தேன். நீ சொன்னது சரி. அவள் நின்றால் விழுகிறது, அவள் உட்கார்ந்தால் விழவில்லை. என் எண்களே சொல்லிவிட்டன. அன்னதானம் இல்லை.

அந்த எண்களோடுதான் சனிக்கிழமை நிலாவைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். டிவியில் பதினொன்றின் ஆட்டம். வேலை முடிந்து வந்திருந்த சிவா அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். விருதுப் பட்டியல் வந்துவிட்டது, அதில் என் இரண்டு பேரை எடுத்துவிட்டேன் என்றேன். "அம்மா பிக்ஸ் எனக்கு," என்றாள் நிலா, என்னைப் பார்க்காமலே. சிவா அடுப்பில் இருந்தே, "அவ அம்மா சீட்டு அவளுக்குத்தான்ப்பா," என்றார். சரி என்றேன். யோசிக்காமல் இரண்டு பெயர் சொன்னாள். இரண்டும் நல்ல பெயர்கள். வாய் திறக்கக் கூடாது, திறக்கவில்லை.

"அஞ்சாவது நம்ம பதினொண்ணு. எனக்குச் சம்மதம்," என்றேன். அவள் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். ஒருவேளை அழுவாளோ என்று டிஷ்யூ பெட்டி எங்கே என்றுகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

"நோ," என்றாள்.

"என்ன நோ?"

"ஷீ இஸ் லேட். டிஃபென்ஸ்ல ஃப்ரெண்டை ஆப்போசிட் டீம் ஆள் தாண்டிட்டா இவ ஓடி வந்து ஹெல்ப் பண்ணணும்ல? லேட்டாவே வர்றா. ரீவைண்ட் பண்ணுங்க."

ரீவைண்ட் பண்ணினேன். லேட்டாகத்தான் வந்தாள். இன்னொன்று. அதிலும்.

"அங்கிள், நீங்க ஸ்கிரீன் மட்டும் எண்ணினீங்களா?"

ஸ்கிரீன் மட்டும்தான் எண்ணியிருந்தேன். நீ எண்ணச் சொன்னது அதைத்தானே. ஒரு சீசன் முழுக்க ஆட்டத்தில் பாதியை மட்டும் அளந்துவிட்டு முடிவு சொல்லியிருக்கிறேன். ஆபீசில் எவனாவது இப்படிச் செய்தால் அவனை என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. "அஞ்சையும் கோர்ட்ல எறக்கிப் பாரு. நாலு பேரும் ஷாட் போடறவங்க. யாரு இடி வாங்குவா?" என்று கத்தினேன். யாருடைய வாக்கியம் அது என்று பாதியில்தான் உறைத்தது. நிறுத்தவில்லை. லேப்டாப்பைத் திறந்து, "வாய மூடிட்டு இதைப் பாரு," என்றேன்.

பார்த்தாள். பொறுமையாகத்தான் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "யூ ஆர் நாட் வோட்டிங் ஃபார் ஹெர். யூ ஆர் வோட்டிங் ஃபார் அம்மா."

நான் உன்னிடம் சொன்ன அதே குற்றச்சாட்டு. அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அப்போது அவள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த சின்னப் பெண். நீ அன்று ஏன் அத்தனை நாள் பேசவில்லை என்று எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது. உள்ளே சுருக்கென்று தைக்கிறது, அதோடு அது முழுப் பொய்யும் இல்லை.

"உங்கம்மா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"அம்மா வாஸ் ராங் அபௌட் ஹெர்," என்றாள். குரல் உடைந்தது, ஆனால் கண்ணைத் திருப்பவில்லை. "ராங்னா ராங்தான். பாவம்னு சொல்லி யெஸ் சொன்னா அம்மா என் மேல பந்தை அடிப்பா."

சிவா கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "எத்தனை ஓவர் பாக்கி?" என்றார். "அப்பா!" என்று நிலா கத்தினாள். அவர் திரும்பிப் போனார். அந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு இவ்வளவு சத்தத்தை அவர் கேட்டிருக்க மாட்டார்.

சம்மதம் கிடைக்கவில்லை. விதி விதிதான். நேற்று, லாண்டரி ரூம் பலகைக்குப் பதிலாக இணையத்தில் 'நம்ம அஞ்சு' என்று நான் தொடங்கிய பக்கத்தில் நாலு பெயரைப் போட்டு ஐந்தாவது வரியைக் காலியாக விட்டேன். படிக்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் பி பிளாக் ஆன்ட்டியும் ஒருவர். "தம்பி, அவங்க நினைவா ஒரு இடம் காலியா விட்டிருக்கீங்க, மனசு கனத்துப் போச்சு," என்று எழுதியிருந்தார். "இல்ல ஆன்ட்டி, சண்டை முடியல," என்று பதில் போட்டேன்.

இதுதான் என் புகார். உன் மகள் பிடிவாதக்காரி, மரியாதை தெரியவில்லை, பாதி நேரம் அவள் சொல்வது சரியாக வேறு இருக்கிறது.

கடைசி ஆட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நேற்றிலிருந்து எல்லா ஆட்டத்தையும் முதலில் இருந்து போட்டு டிஃபென்ஸை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நிலா காட்டிய இரண்டாவது இடத்தை இன்று மறுபடி பார்த்தேன். பதினொன்று தாமதமாகத்தான் வருகிறாள். ஆனால் அதற்கு ஒரு நொடி முன்னால் அவள் தோழி ஒருத்தி காக்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு நிற்கிறாள். பதினொன்று அந்த ஆளையும் சேர்த்துக் காத்துவிட்டுத்தான் ஓடி வருகிறாள். நிலா அதைக் கவனிக்கவில்லை. நீ முதல் தடவையிலேயே கவனித்திருப்பாய், சோபாவைத் தட்டிக் கத்தியிருப்பாய்.

நீ உயிரோடு இருந்தவரை அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு தடவைகூடச் சம்மதம் சொல்லவில்லை. இப்போது உன் கட்சியைப் பேச என்னை விட்டால் ஆள் இல்லை. சனிக்கிழமை பேர்லேண்ட் போகிறேன். கார் ஜன்னலைத் திறக்கப் போவதில்லை.