தங்கை வாங்கிய மருந்து

ஹூஸ்டன்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

இங்கு அனைவரும் நலம் என்று எழுதித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று அம்மா நமக்குச் சொல்லிக்கொடுத்தாள். இந்த ஒரு தடவை அதை எழுத மனம் வரவில்லை.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் கிறுக்குகிறாள் என்று நீ சிரிப்பாய். என் போனை அவர் தினமும் வாங்கிப் பார்க்கிறார். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் 'சாப்ட்டேன்க்கா, தூங்கினேன்க்கா' என்பதைத் தாண்டி ஏன் ஒன்றும் சொல்வதில்லை என்று உனக்கு ஒரு நாளாவது தோன்றியதா? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார். நான் வேலை செய்யும் மளிகைக் கடையின் விலாசத்தையும் போன் நம்பரையும் உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். பதிலை அங்கேயே போடு. அவசரமென்றால் கடைக்கே கூப்பிடு. கடை முதலாளியம்மா குஜராத்திக்காரர், நம்பலாம்.

பொங்கலுக்கு மறுநாள் அவர் என் கழுத்தைப் பிடித்துவிட்டார். அடிப்பது உனக்குத் தெரியும். போன தடவை ஊருக்கு வந்தபோது என் முதுகுக்கு நீதான் தைலம் தேய்த்தாய். இது அடி இல்லை அக்கா. கண் இருட்டிக்கொண்டு வந்தது, விழித்துப் பார்த்தால் சமையலறைத் தரையில் கிடக்கிறேன். காவ்யா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வயதுக் குழந்தை பார்க்கவேண்டிய காட்சியா அது? காலையில் எழுந்து வந்து 'காப்பில சக்கரை கம்மியா கீது' என்றார். அடுத்த தடவை பிடித்தால் நான் எழுந்திருக்கமாட்டேன்.

அதனால் ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்றிருக்கிறேன்.

பதறாதே. எங்களுக்குக் கிரீன் கார்டு இருப்பதால் இங்கே கடையில் போய்க் கேட்டு வாங்கலாம். அந்த வாரமே ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். விற்பவள் தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண். மாமா நம் கடையில் புடவை எடுத்துப் போடுவதுபோல் ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேல் எடுத்து வைத்தாள். நான் சிறியதாக, கைப்பைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்றைக் காட்டினேன். சிறியதுதான் சுடும்போது கையை அதிகம் உதைக்கும், முதன்முதலில் வாங்குகிறவளுக்கு ஆகாது என்றாள். இன்னொன்றில் மேல் பாகத்தைப் பின்னால் இழுத்துவிட வேண்டும். என்னால் பாதிகூட இழுக்க முடியவில்லை. கடைசியில் ஒரு ரிவால்வரைக் கொடுத்தாள். உருளையில் ஐந்து குண்டு, இழுக்க ஒன்றுமில்லை, விசையை அழுத்தினால் போதும். படத்தைப் பார்த்து வாங்காதே, கையில் பொருந்துகிறதா என்று பிடித்துப் பார்த்து வாங்கு என்றாள். பொருந்தியது. யாருக்குப் பயந்து வாங்குகிறாய் என்று கேட்டாள். திருடனுக்கு என்றேன். என் கழுத்தில் இருந்த விரல் தடத்தைப் பார்த்தாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

நம் ஊர் சந்தவாசலில் வேர்க்கடலைக் கொல்லைக்கு வரும் பன்றியை விரட்ட அப்பா நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பாரே, அந்த மருந்தைத்தான் இங்கே பித்தளைக் குப்பியில் அடைத்துப் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். அதிலும் ரகம் பார்க்க வேண்டுமாம். பழகுவதற்கு ஒன்று, வீட்டில் வைத்துக்கொள்ள வேறொன்று. வீட்டுக்கு உரியது ஆள்மேல் பட்டால் உள்ளேயே விரிந்து நின்றுவிடும், சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்து அறைக் குழந்தைமேல் பாய்கிற ஆபத்து குறைவு என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

உன்னைக் கேட்காமல் நான் ஒரு ஜாக்கெட் துணிகூட எடுத்ததில்லை. சொல், வாங்கட்டுமா?

உன் அன்புத் தங்கை
சுகன்யா


ஆரணி
3 மார்ச் 2024

அன்புத் தங்கை சுகன்யாவுக்கு, அக்கா சங்கீதா ஆசி கூறி எழுதுவது.

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பாவிப் பெண்ணே, கழுத்தைப் பிடிக்கிற அளவுக்கு என்னதான் நடந்தது? நீ ஏதாவது எதிர்த்துப் பேசினாயா?

ஆனாலும் துப்பாக்கியா? உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? கரப்பான்பூச்சியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நிற்கிறவள் நீ. பாலு முன்கோபக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. மாமாவும் கல்யாணமான புதிதில் என்ன கொஞ்சமாகவா ஆடினார்? வயசு ஏற ஏற அடங்கிவிட்டார். பாலுவும் அடங்கிவிடுவார். நீ கொஞ்சம் அனுசரித்துப் போ.

நன்றாக யோசித்துப் பார். அண்ணனுக்கு என்னையும் தம்பிக்கு உன்னையும் கொடுத்தார்கள். அக்கா தங்கை ஒரே வீட்டில் இருந்தால் ஒருத்திக்கு ஒருத்தி துணை என்று ஊரே சொன்னது. அங்கே நீ ஒன்று செய்து வைத்தால் இங்கே அத்தை என்னைப் பெட்டியோடு நம் ஊருக்குப் போகிற போளூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். பெரியவன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான். நான் எங்கே போவேன்?

கோபத்தில் செய்வது என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறோம். பின்வீட்டு முனியம்மாளின் மருமகள் போன வாரம் மருந்து குடித்துவிட்டாள். நெல்லுக்கு அடிக்கிற மருந்து. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. இரண்டு குழந்தைகளும் தெருவில் நிற்கின்றன. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் போதாதா?

அந்தத் து... என்கிற சொல்லை இனிமேல் கடிதத்தில் எழுதவே எழுதாதே. மாமா கண்ணில் பட்டால் என் கதி அவ்வளவுதான். வாங்கமாட்டேன் என்று அம்மாமேல் சத்தியம் செய்து பதில் போடு.

முகூர்த்த சீசன், கடையில் நிற்க நேரமில்லை. காவ்யாவுக்கு முத்தங்கள்.

உன் அக்கா
சங்கீதா


ஹூஸ்டன்
24 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

சத்தியம் கேட்டாய். என்னால் செய்ய முடியாது. நீ எழுதக்கூடாது என்ற சொல்லை எழுதவில்லை, அதோடு திருப்திப்பட்டுக்கொள்.

மருந்து வாங்கி வைத்துவிட்டேன். என் கல்யாணம் என்று உனக்கும் எனக்கும் ஒரே நிறத்தில் நெய்தார்களே, அந்தப் பட்டுப் புடவை இருக்கும் பெட்டியில், புடவைக்கு அடியில் இருக்கிறது. அவர் புடவைப் பெட்டியைத் தொடமாட்டார். காவ்யா கைக்கு எட்டாமல் பூட்டியும் வைத்திருக்கிறேன். அதை எடுக்கிற நாள் வரக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். வந்தால் தயங்கமாட்டேன். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று தெரிந்த பிறகு மனசு லேசாகிவிட்டது, இப்போதெல்லாம் தூக்கம்கூட வருகிறது.

போன வாரம் மறுபடியும் கழுத்து வரைக்கும் கை வந்தது. காவ்யா ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். அதனால் விட்டார்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் நீ காவ்யாவை வளர்ப்பாயா அக்கா? இதற்கு மட்டுமாவது அனுசரித்துப் போ என்று பதில் எழுதாதே.

சுகன்யா


ஆரணி
14 ஏப்ரல் 2024

அன்புத் தங்கை சுகன்யாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. வேப்பம்பூப் பச்சடி வைத்து, உன்னை நினைத்துக்கொண்டு, கையோடு இதை எழுதுகிறேன்.

முந்தாநாள் உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். மருந்து வாங்கி வைத்திருக்கிறாளாம், மனசு லேசாகிவிட்டதாம், குழந்தையை வளர்ப்பாயா என்று கேட்கிறாளாம்! முனியம்மாள் வீட்டு வாசலில் பாடை கட்டியது கண்முன்னால் வந்து நின்றது. கடையில் ஆட்கள் இருந்தார்கள், அதையும் பார்க்காமல் மாமாவிடம் ஓடினேன். அவர் உடனே பாலுவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அங்கே என்ன நேரமோ, பாவம், தூக்கத்தில் எடுத்தார்.

'தம்பி, அவ மருந்து வாங்கி கல்யாணப் புடவைக்கு அடியில ஒளிச்சி வெச்சிகினு கீறா. பூச்சி மருந்தோ எலி மருந்தோ தெரியல. ஜல்தியா எடுத்து வீசிடுங்க. அவள ஒண்ணும் கேக்காதீங்க, மனசு ஒடைஞ்சி போயிகீது' என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.  பாலு 'நல்ல வேளை சொன்னீங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்' என்றார். ஒளித்து வைத்த இடத்தை இன்னொரு தடவை கேட்டுக்கொண்டார். அந்தக் குரலைக் கேட்டிருந்தால் உனக்கு இந்த எண்ணமே வந்திருக்காது. எவ்வளவு பாசம் இருந்தால் ஆண்பிள்ளை அப்படிக் கேட்பார்?

துப்பாக்கிப் பைத்தியம் தெளிந்தது என்று நான் நிம்மதியாக இருந்தால் அதைவிடப் பெரிய பைத்தியத்தில் போய் விழுந்திருக்கிறாய். இனி இந்த நினைப்பே வேண்டாம். அத்தைகூட உனக்காக விளக்கேற்றினார். குங்குமம் வைத்திருக்கிறேன், இட்டுக்கொள். இனி எல்லாம் நல்லபடியாக நடக்கும்.

உன் அக்கா
சங்கீதா


20 மே 2024

அக்கா,

ஊர்ப் பெயர் போடவில்லை. போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீ போன் பண்ணிய அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது சாப்பாட்டு மேசைமேல் கல்யாணப் புடவை விரித்திருந்தது. அதன்மேல் நான் அதைப் பூட்டி வைத்திருந்த சின்ன இரும்புப் பெட்டி, பூட்டு உடைந்து கிடந்தது. துப்பாக்கி அவன் மடியில் இருந்தது. அவன் என்று எழுதுகிறேன் என்று பார்க்கிறாயா? இனி அப்படித்தான்.

கத்தவில்லை. 'உங்க அக்கா மருந்துன்னாங்க. நீ சாவப்போறியோன்னுதான் நானும் தேடினேன். பாத்தா என்னை சாவடிக்க மருந்து வாங்கிகினு வந்துகீறே' என்று சிரித்தான். நான் எழுதியது அப்பா துப்பாக்கியில் கெட்டிக்கிற மருந்து, அக்கா. முதல் கடிதத்தில் ரகம் பார்த்தது முதல் எழுதியிருந்தேன்.

என் கைக்குப் பொருந்துகிறதா என்று நான் பிடித்துப் பிடித்துப் பார்த்து வாங்கியது அவன் கைக்கு இன்னும் நன்றாகப் பொருந்தியது. ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன்னோடு வீடியோவில் பேசினேனே, அப்போது போனுக்குத் தெரியாதபடி அதை என் விலாவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். நீ 'மூஞ்சி தெளிஞ்சிகினு வருது, இப்படியே இரு' என்றாய். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் காவ்யாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துக்கொண்டு நேரே முதலாளியம்மாவிடம் போனேன். அவர்தான் என்னைப்போன்ற பெண்களை வைத்துக் காப்பாற்றும் ஒரு வீட்டில் சேர்த்துவிட்டார். போலீஸ் அவனிடமிருந்து அதைப் பறித்துக்கொண்டது. அவன் எங்கள் பக்கம் வரக்கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கியிருக்கிறோம். உன் புத்தாண்டுக் கடிதத்தை முதலாளியம்மா இங்கே கொண்டுவந்து கொடுத்தார்.

சொல்லைத் தப்பாகப் படித்ததற்காக உன்மேல் எனக்குக் கோபமில்லை. நம் பக்கத்துப் பெண் மருந்து வாங்கினாள் என்றால் தான் குடிக்கத்தான் வாங்கியிருப்பாள் என்று யாராக இருந்தாலும் நினைப்பார்கள். ஆனால் நான் சாகப்போகிறேன் என்று நினைத்தாய் அல்லவா, நினைத்தவள் ஏன் என்னைக் கூப்பிடவில்லை? கடை நம்பர் உன்னிடம் இருந்தது. என் கழுத்தைப் பிடித்தவனைக் கூப்பிட்டு, ஒளித்து வைத்த இடத்தையும் சொல்லி, என்னை அவன் கையிலேயே ஒப்படைத்தாய். இதற்கு ஒரு பதில் இருந்தால் அதை நீயே வைத்துக்கொள். எனக்கு அதைக் கேட்கிற தெம்பு இல்லை.

இந்தக் கடிதத்தை மறைக்க வேண்டாம். மாமாவிடமும் அத்தையிடமும் கொடுத்துப் படிக்கச் சொல். நானே உன்னை விட்டு விலகிவிட்டேன் என்று தெரிந்தால் உன்னைப் பஸ் ஏற்றமாட்டார்கள். என்னால் உனக்குச் செய்ய முடிந்தது இவ்வளவுதான்.

இங்கே சேர்ந்த அன்று, கூடப் பிறந்தவர்கள் யாராவது உண்டா, தகவல் சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றேன்.

சுகன்யா