ஞாயிற்றுக்கிழமைக் கலகலா

புளியந்தோப்பு,
11.2.2024

அன்புள்ள பாபுவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. "எப்ப வருவே?" என்று நான் கேட்பேன். "இன்னா அவசரம் உனுக்கு?" என்று நீ கத்துவாய். அதனால்தான் காகிதம் எடுத்தேன். இதில் நீ எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேட்காது.

இங்கே எல்லோரும் சுகம். நீ குஜராத்துக்கு, காந்திதாமில் லாரி ஷெட் வேலைக்குப் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. தீபாவளிக்கும் வரவில்லை, பொங்கலுக்கும் வரவில்லை. உன் அண்ணன் பிள்ளைகள் உயரமாகிவிட்டார்கள். நம் வீட்டு ஒற்றை அறையில் இப்போது யாருமே கால் நீட்டிப் படுக்க முடிவதில்லை.

இன்று நான் மட்டும் ஊர் சுற்றப் போனேன். கல்யாணமான புதிதில், தனியாக ஒரு வார்த்தை பேச வீட்டில் இடமில்லாமல், ஞாயிறானால் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புவோமே, அதே வழிதான். காலையில் கலகலா போட்டேன். மைதாவில் சர்க்கரையைப் பொடித்துப் போட்டுப் பிசைந்து, கத்தியால் கோணல்மாணலாக வெட்டிப் பொரித்தேன். பஸ்ஸில் எனக்குத்தான் டிக்கெட் கிடையாதே. ராயபுரத்தில் இறங்கிக் காசிமேடு வரை நடந்தேன். மீன் ஏலம் முடிந்து ஐஸ் உருகி ரோடெல்லாம் ஈரம். அங்கிருந்து கடலோரமாகவே திருவொற்றியூர். கருங்கல் மேல் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். நாலுக்கு மேல் தின்ன முடியவில்லை. பிடுங்கித் தின்ன ஆள் இருந்தால்தான் கலகலா ருசிக்கும் போலிருக்கிறது.

கோபமில்லாமல் பதில் எழுது.

உன் மகிழினி

●

காந்திதாம்,
3.3.2024

அன்பு மகிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ரூமில் என்னோடு இருக்கும் ஜாபர், "இன்னா பாபு, கோர்ட் நோட்டீஸா?" என்று கேட்டான். அவனும் நம்ம பக்கம்தான், வியாசர்பாடி.

நான் நன்றாக இருக்கிறேன். இங்கே நானும் ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றுகிறேன். பெரிய மார்க்கெட் இருக்கிறது. இடது பக்கம் முழுக்கத் துணிக்கடை, வலது பக்கம் பாத்திரக்கடை, முனையில் ஒரு கிழவர் வறுத்த கடலை விற்கிறார். போன வாரம் பொரி உருண்டை பிடித்துப் பார்த்தேன். எல்லாம் உதிர்ந்துவிட்டது. வெல்லப்பாகு எந்தப் பதம்? எழுது.

இப்போதைக்கு லீவு கிடைக்காது. மழைக்காலம் போகட்டும், பார்க்கலாம். அம்மாவை மாத்திரை போடச் சொல்.

பாபு

●

புளியந்தோப்பு,
24.3.2024

பாபு,

பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார். உருட்டினால் கெட்டியாகி, தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் வரவேண்டும். பொரியைச் சூட்டோடு பிடி. கை சுடும், பரவாயில்லை.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நீ என்றைக்கு உன் செருப்பைத் திட்டாமல் இரண்டு தெரு நடந்திருக்கிறாய்? திருவொற்றியூர்த் தேரடி போவதற்குள் "கடிச்சிகினு கீது" என்று மூன்று முறை உட்காருவாய். உன் கடிதத்தில் துணிக்கடை இருக்கிறது, பாத்திரக்கடை இருக்கிறது, உன் காலே இல்லை. நீ அந்த மார்க்கெட்டுக்குப் போகவில்லை. யாரோ சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாய்.

அங்கே உனக்கு வேறு யாராவது இருக்கிறார்களா? இருந்தால் சொல்லிவிடு. அழமாட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஞாயிறுதோறும் இரண்டு பேருக்கு மாவு பிசைவதையாவது நிறுத்திக்கொள்வேன்.

மகிழினி

●

காந்திதாம்,
10.4.2024

மகி,

யாரும் இல்லை. அம்பேத்கர் படத்து மேல் சத்தியம்.

போன ஆகஸ்ட் மாதம், மழையில், லோடு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். கால் வழுக்கிக் கீழே விழுந்தேன். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்து, கம்பி வைத்திருக்கிறார்கள். என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது, குளிப்பாட்டியது எல்லாம் ஜாபர்தான். மார்க்கெட் கதையும் அவன் சொன்னதே. இப்போது கோல் ஊன்றி நடக்கிறேன். கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதும் வேலை கொடுத்திருக்கிறார்கள். கால் இதற்கு மேல் மடங்காதாம்.

எப்போது வருவாய் என்று நீ கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் வீட்டுப் படிக்கட்டுதான் கண்ணில் வரும். மூன்று மாடி. அண்ணன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஏற, பிளாக்கே வேடிக்கை பார்க்க, நீ பின்னால் கோலைப் பிடித்துக்கொண்டு வரவேண்டுமா? அதனால்தான் கத்தினேன்.

நீயும் நானும் நடந்தே பழகியவர்கள். நடக்க முடியாதவனை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? உனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. யோசித்து நல்ல முடிவாக எடு. எதுவாக இருந்தாலும் நான் தப்பாக நினைக்கமாட்டேன்.

பாபு

●

காலடிப்பேட்டை,
5.5.2024

பாபு,

உன் கடிதம் வந்த அன்று தையல் கம்பெனிக்குப் போகவில்லை. கையில் எது கிடைத்தாலும் போட்டு உடைக்கத் தோன்றியது. நீ விழுந்த மாதம் நான் இங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். உன்னைப் போனில் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னை அப்படித் திட்டவிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தாயே.

உன் அம்மாவிடம் சொன்னேன். ஒரு மூச்சு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "படிதானே பேஜாரு? படி இல்லாத வூடா பாரு. புள்ளைய இட்டுகினு வா" என்றார்.

நல்ல முடிவாக எடுக்கச் சொன்னாய் அல்லவா? மூன்று வாரம், தினமும் வேலை முடிந்ததும் வீடு தேடினேன். ராயபுரத்தில் எல்லாம் எட்டாத வாடகை. தண்டையார்பேட்டையில் கீழ்வீடு கிடைத்தது, ஆனால் வாசலில் நாலு படி. வேண்டாம் என்றுவிட்டேன். கடைசியில் இங்கே, மளிகைக்கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. தெருவும் தரையும் ஒரே மட்டம். கோலை ஊன்றி நேராக உள்ளே வரலாம். கழிவறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய் பதித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். பஸ் ஸ்டாப் பத்து வீடு தள்ளி. டிக்கெட் உனக்கு ஒன்று எடுத்தால் போதும், எண்ணூர் வரை உட்கார்ந்தே பார்த்துவிட்டு வரலாம்.

நேற்றுத்தான் பாத்திரங்களைக் கொண்டுவந்தேன். ஜாபரிடம் பேசிவிட்டேன். அவன் உன்னை ரயிலில் கூட்டிவந்து சென்ட்ரலில் என்னிடம் ஒப்படைப்பான். அவனுக்குத் தனி டப்பா கலகலா.

வீட்டுக்காரம்மா தங்கபுஷ்பம், திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "எத்தன பேரு இருப்பீய?" என்று கேட்டார்.

இரண்டு பேர் என்று சொல்லியிருக்கிறேன்.

மகிழினி