ஏலக்காட்டில் மறைத்த ஈரம்

மதினி,

இன்று காலை நம் சிலமலையிலிருந்து ஒருத்தி மாட்டுவண்டியில் வந்திறங்கினாள். சேலையின் பின்பக்கத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தாள். கிட்டே போனதுமே அந்த வாடை. பனிக்குட நீருக்கென்று ஒரு பச்சை வாடை உண்டு. ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேறு பார்க்கும் எனக்கு அது தினப்படி சமாசாரம்தான். ஆனாலும் ஒவ்வொரு தரமும் குரங்கணிக்கு மேலே அந்த ஏலக்காட்டில் கொண்டுபோய் என்னை நிறுத்திவிடுகிறது.

அது ஐப்பசி, கடைசி ஏலக்காய் எடுப்பு. உனக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. அந்த வயிற்றோடு மலையேறி, எங்களுக்குச் சமமாகக் காய் எடுத்தாய். அட்டைக்கடிக்கு நான் அலறியபோது, "ஒங்க அண்ணனுக்கு இந்த அட்டை தேவல ஆத்தா. வயிறு நெறஞ்சா தானா விழுந்துரும்" என்றாய். கங்காணிகூடச் சிரித்துவிட்டார். நாத்தனார் என்று பேர்தான், நமக்கு ஒரே வயது.

மறுநாள் காலையில் என்னைப் புதருக்குப் பின்னால் இழுத்துப் போனாய்.

"ஏத்தா, காலோட தண்ணியா வடியுது. வலி ஒண்ணும் இல்ல. கங்காணிட்டச் சொல்லிட்டு எறங்கிரவா?"

காட்டு வழக்கம் நம் இருவருக்குமே தெரியும். பேறுகால நீர் வடிந்தாலும் தீட்டுதான்; தீட்டான பெண் ஏலக்காட்டில் நிற்கக்கூடாது. நின்றுவிட்டால் எடுப்பை நிறுத்தி, மஞ்சள் நீர் தெளித்து, காவல் சாமிக்குப் பொங்கல் வைத்து, மூன்று நாள் கழித்துத்தான் மறுபடி கை வைக்கலாம். அதுவரை யாரும் வீடு திரும்ப முடியாது. எனக்கோ மூன்று வாரமாகத் துணி காயவில்லை. கால் முழுக்கப் புண். இன்னும் மூன்று நாளா என்று எரிச்சல்தான் வந்தது. உன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"மூச்சு விடாத மதினி. நாளைக்குச் சாயந்தரம் சோலி முடிஞ்சுரும், எல்லாருமா எறங்கிரலாம்" என்றேன். நீயும் பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாய்.

அடுத்த நாள் மதியம் வலி கண்டது. டோலி கட்டித் தூக்கும்போது நனைந்த சேலையைப் பெண்கள் பார்த்துவிட்டார்கள். "எப்பயிருந்து?" என்று கேட்டார்கள். "நேத்துக் காலம்பறயிருந்து" என்றாய்.

குரங்கணியில் பெண் பிள்ளை பிறந்தது. நன்றாகத்தான் அழுதது. விடிந்தபோது பால் குடிக்கவில்லை. மூச்சுக்கு மூச்சு முனகியது. உச்சிப்பொழுதுக்குள் அடங்கிவிட்டது. உனக்கோ ஒரு காய்ச்சல் இல்லை, தலைவலி இல்லை. அதுவே உனக்கு வினையாகிவிட்டது.

"தீட்டோட காட்டுல நின்னவ. சாமி இவள விட்டுட்டுப் பிள்ளையத் தூக்கிருச்சு" என்றாள் என் அம்மா. "ஏண்டி மறச்ச?" என்று உன்னைப் போட்டு உலுக்கினாள். நீ என்னை ஒருமுறை பார்த்தாய். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது, மதினி.

அண்ணன் உன்னைப் பொட்டிபுரத்தில் தாய் வீட்டில் விட்டுவிட்டு வந்தார். திரும்ப அழைக்கவில்லை. மூன்றாம் வருஷம் காலராவில் நீ போனாய். துக்கத்துக்குக்கூட நான் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

எனக்குக் கல்யாணமாகித் தாலியிழந்தபின் மதுரைக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்றேன். அங்கே டாக்டரம்மா ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் ஒரு கிருமியைக் காட்டினார். கோத்த பாசிமணி மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கிற பொம்பளைங்க உடம்புலயே இது குடியிருக்கும். அவங்களுக்கு ஒண்ணும் செய்யாது. பனிக்குடம் உடைஞ்சு நேரமாச்சுன்னா பிள்ளைக்கு ஏறிடுதுன்னு நினைக்கிறோம். இதுல பல வகை இருக்கு. பார்க்க எல்லாம் ஒண்ணுதான்; எது கொல்லும், எது சும்மா கிடக்கும்னு எங்களுக்கே இன்னும் பிடிபடல."

உன் பிள்ளைக்கு நேர்ந்ததும் இதுதானா என்று அடித்துச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. அன்று காலையிலேயே இறங்கியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமா, அதுவும் தெரியாது. ஆனால் நீ தீட்டால் பிள்ளையைக் கொன்றவள் இல்லை. உன்னை இறங்கவிடாமல் செய்தவள் நான். இவை இரண்டும் தெரியும்.

போன மாதம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தலை நரைத்துவிட்டது அவருக்கு. அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவரோ திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்:

"பொட்டிபுரத்துக்குக் கூட்டிட்டுப் போறப்ப வழியில கேட்டேன்த்தா, என் தங்கச்சிக்கு இது தெரியுமான்னு. 'அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளுக்குத் தெரிஞ்சிருந்தா அப்பவே என்னைய எறக்கிக் கூட்டியாந்திருப்பா'ன்னு சொன்னா."

வண்டியில் வாழ்க்கையே பறிபோய்க்கொண்டிருந்த நேரத்தில் என்னைப் பற்றி அப்படிச் சொல்லியிருக்கிறாய். நீ சொன்ன அந்த நல்லவளாக நான் ஒருநாளும் இருந்ததில்லை, மதினி. இனி இருந்தாலும் பார்க்க நீ இல்லை.