நீ போட்டுவிட்டுப் போன கருப்பு லாகர்

என் சாமி, தம்பி பூபதிக்கு,

நல்லா இருக்கிறாயா என்று கேட்கத்தான் கை வருகிறது. இருந்தபோதே அந்தக் கேள்விக்கு நீ ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. “இருக்கறேன்க்கா” என்று ஒரு வார்த்தை, அதற்குப் பிறகு முழுக்கப் பீர்ப் பேச்சுதான். இப்போது அந்த ஒரு வார்த்தைக்கும் வழியில்லாமல் போய்விட்டது.

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். பெங்களூரில் டேங்கில் போட்டுவிட்டு வந்தாயே கருப்பு லாகர் பீர், அது தயாராகிவிட்டது. நான்தான் போய்க் குடித்துப் பார்த்தேன். அதை முழுக்கக் கீழே ஊற்றச் சொன்னவளும் நான்தான். கோபப்படுவதென்றால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. சலித்துக்கொள்ளாதே.

என் தம்பி பெங்களூரில் ஓர் உணவகத்தில் பீர் காய்ச்சுகிறவன். அம்மா நாமக்கல்லில் ஊருக்கெல்லாம் ஜூஸ் கம்பெனி என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். முதலாளி அவனை வேலை பழகச் சில மாதம் ஜெர்மனிக்கு அனுப்பினார். பவேரியா என்கிற பக்கம். சாக்லேட் கொண்டுவருவான் என்று என் பிள்ளைகள் காத்திருந்தார்கள். இவன் ஒரு பை நிறைய மால்ட்டை, அதாவது முளைகட்டி வறுத்த பார்லியைக் கொண்டுவந்து சமையலறை மேடையில் வைத்தான். அம்மா அதைக் கெட்டுப்போன தானியம் என்று நினைத்துக் கோழிகளுக்குப் போட்டுவிட்டாள். அன்று நீ போட்ட சத்தம் இருக்கிறதே, கோழிகளே பயந்து ஓடின.

அந்த ஊர்க்காரர்கள் காலங்காலமாகக் குடிக்கிற கருப்பு லாகர்தான் உன் தலையில் ஏறிய பைத்தியம். கருப்பு என்றதும் கள்ளிச்சாறு மாதிரி கடுப்பாக இருக்கும், தூக்கிப் போடும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை என்று என்னிடம் எத்தனை முறை கத்தியிருப்பாய்! வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் மாதுளைச் சிவப்பு தெரிய வேண்டும். மோந்தால் வாட்டிய ரொட்டியின் ஓரம், அதற்குப் பின்னால் வறுத்த கடலைத் தோல், தூரத்தில் கொஞ்சம் கருப்பட்டி. கருகல் வரக்கூடாது. வாயில் இனிப்பு தொடங்கி, விழுங்கும்போது இனிப்பு நிற்காமல் லேசான கசப்போடு சுத்தமாக முடிய வேண்டும். முடிந்த பிறகு இன்னொரு வாய் கேட்க வேண்டும். இவ்வளவுதான், ஆனால் இவ்வளவும் வேண்டும் என்பாய்.

இதில் நான் எங்கே வந்தேன் என்று படிக்கிறவர்கள் கேட்பார்கள். நான் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்க்கிறவள். காலையில் கேன்கள் வந்ததும் மூடியைத் திறந்த கையோடு மோந்து பார்க்க வேண்டும். கருவியில் போடுவதெல்லாம் அப்புறம்தான். புளிப்பு தொடங்கியதா, மாடு என்ன தின்றது, கேனைச் சரியாகக் கழுவினார்களா, எல்லாவற்றையும் மூக்குதான் முதலில் சொல்லும். சரியில்லை என்றால் கேனைத் திருப்பிவிடுவேன். மாமா வீட்டுக் கேனையே திருப்பி, இரண்டு வருஷம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பில்லாமல் இருந்தவள்.

அதனால்தான் ஒவ்வொரு டேங்கைத் திறக்கும்போதும் என்னை வரச் சொல்வாய். வரும்போது தலையில் பூ வைக்காதே, எண்ணெய் தடவாதே, வழியில் காபி குடிக்காதே என்று ஆயிரம் சட்டம். என் வீட்டுக்காரர், “கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தன சட்டம் இல்லடி” என்று சிரிப்பார். பல் கூசுகிற குளிரில் எந்த மூக்கும் வேலை செய்யாது என்று கிளாஸைக் கொஞ்ச நேரம் வெளியே வைப்பாய். நான் மோந்து முடிக்கிறவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாய், பரீட்சை முடிவு பார்க்கிறவன் மாதிரி.

என்னை நீ நம்பியது முக்கியமாக ஒரே ஒரு வாசத்துக்காக. வெண்ணெய். லாகர் புளித்து முடிகிற சமயத்தில் டேங்கின் சூட்டை இரண்டு நாள் கொஞ்சம் ஏற்றி வைக்க வேண்டும். அந்த இரண்டு நாளில் ஈஸ்ட் தான் விட்ட வெண்ணெய் வாசத்தைத் தானே தின்றுவிடும். அதன் பிறகுதான் வாரக்கணக்கில் குளிரில் போட வேண்டும். சூடு ஏற்றாமல் குளிரில் தள்ளினால் வெண்ணெய் அப்படியே நின்றுவிடும். உன்னோடு வேலை பார்த்த சேகருக்கு மற்ற எல்லா வாசமும் தெரியும், இது மட்டும் தெரியாது. சிலருக்குப் பிறவியிலேயே அப்படியாம். நான் காலையிலிருந்து வெண்ணெயிலும் பாலிலுமே கிடப்பவள், எனக்குத் தெரியாமல் போகுமா?

நீ சனிக்கிழமை ஊருக்கு வருவதாகச் சொல்லி வண்டியில் கிளம்பினாய். லாரிகள் கவிழ்கிற தொப்பூர் மலை இறக்கம்வரைதான் வந்தாய்.

அதற்கு மேல் அதை எழுத முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.

செய்தி கேட்டதும் சேகர் கடையை அடைக்கச் சொல்லி, சமையல்காரர், தட்டு கழுவுகிறவர் என்று ஒருவர் விடாமல் வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சாமியானா போட்டதும் டீ கொடுத்ததும் அவர்கள்தான். அம்மா விழுந்தபோதெல்லாம் தாங்கிப் பிடித்தவர் சேகர். உன்னைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். மறுநாள் பால் ஊற்றி முடிக்கும்வரை இருந்தார். “போயிட்டு வாரேன்” என்று சாவு வீட்டில் சொல்லக்கூடாது என்பதால் ஒன்றும் சொல்லாமல் என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். உனக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லையே என்ற குறையை அந்த மனுஷர் அன்று தீர்த்து வைத்தார்.

ஆடி அமாவாசைக்கு முந்தின வாரம் போன் செய்தார். “அக்கா, பூபதி போட்ட லாகரு ரெடிங்க. ஞாயித்துக்கெழம அவம் பேர்ல ஊத்திக் குடுக்கறதுன்னு மொதலாளி எல்லாத்தையும் கூப்புட்டுட்டாருங்க. நீங்க வந்து பாத்துச் சொன்னாத்தாங்க தெறப்போம்” என்றார்.

போனேன். பூ வைக்காதே என்று இந்த முறை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தொப்பூர் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். நீ கிடந்த இடம் எனக்குத் தெரிய வேண்டாம்.

உன் டேங்குக்குப் பக்கத்தில் உன் பூட்ஸ் அப்படியே இருந்தது. சேகர் கிளாஸில் பிடித்து வெளியே கொஞ்ச நேரம் வைத்தார். முதலாளியும் வந்து நின்றார். நல்ல மனுஷர், ஆனால் அவருக்குப் பீர் என்றால் சில்லென்று இருந்தால் போதும். நிறம் பார்த்தேன். பூபதி, அந்த நிறம்! ஓரத்தில் அத்தனை சிவப்பு. நுரை இளம் பழுப்பில் கெட்டியாக நின்றது. உன் வாழ்நாளில் இவ்வளவு அழகான நிறம் நீ எடுத்ததில்லை.

மூக்குக்குக் கொண்டுபோனேன். ரொட்டி ஓரம் வந்தது, கடலைத் தோல் வந்தது. அவற்றின் மேலே மெத்தென்று படிந்துகொண்டு வெண்ணெய் வந்தது.

கிளாஸை வைத்துவிட்டு வெளியே போய் மூச்சு விட்டு வந்து மறுபடி மோந்தேன். வேறு எதுவாகவாவது இருக்கக்கூடாதா என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டே மோந்தேன். குடித்தும் பார்த்தேன். சுத்தமாக முடிய வேண்டிய இடத்தில் நாக்கில் வழவழவென்று ஒட்டிக்கொண்டு நின்றது. சந்தேகமே இல்லை.

“எப்படீங்க்கா இருக்குது?” என்றார் சேகர்.

“வெண்ணெ அடிக்குதுங்க.”

முதலாளி சிரித்தார். “வெண்ணெய்னா நல்லதுதானேம்மா? ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றாங்க. இது யாருக்குத் தெரியப்போகுது?”

“அவனுக்குத் தெரியுமுங்க” என்றேன். “அவம் பேர்ல ஊத்தறதுன்னா அவன் ஊத்தற மாதர இருக்கோணுமுங்க. இத அவன் ஊத்த மாட்டான்.”

சேகர் டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதுகூட அது தோன்றவில்லை. ஈஸ்ட் சரியில்லையோ, மால்ட் சரியில்லையோ என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்தான் சொன்னார்.

“அக்கா, சூடு ஏத்தவே இல்லீங்க. ஏத்த வேண்டிய அந்த ரெண்டு நாளும் நாங்க அத்தன பேரும் உங்க ஊட்லதானுங்க இருந்தோம். திரும்பி வந்து பாத்தேன், புளிச்சு முடிஞ்சிருந்துச்சு. சூடு ஏத்துனமா இல்லயான்னு ஒண்ணுமே ஓடுலீங்க. அப்படியே குளுர்ல போட்டுட்டனுங்க.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பரவாயில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. என் மூக்கில் வெண்ணெய் இருந்தது, கண்ணில் உன் பூட்ஸ் இருந்தது. வேறு டேங்கில் இளம் லாகர் புளித்துக்கொண்டிருந்தால் அதில் கொஞ்சம் கலந்து வாசத்தைச் சரிசெய்யலாம் என்று நீ ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. கேட்டேன். “எதுவும் இல்லீங்க்கா. பூபதிக்கப்பறம் இங்க யாரும் லாகரு போடுல” என்றார்.

“அப்படின்னா கீழ ஊத்திருங்க” என்றேன். அவர் குனிந்து அடி வால்வைத் திறந்துவிட்டார். ஒரு சின்ன பாட்டில் மட்டும் படையலுக்கு வேண்டும் என்று நான் பிடித்து வைத்துக்கொண்டேன். மீதி எல்லாம் தரையில் நுரைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது. அந்த அறை முழுக்க ரொட்டி வாசம். முதலாளி பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டார்.

நீயாக இருந்தாலும் கீழே ஊற்றத்தான் சொல்லியிருப்பாய் என்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஆனால் நீ ஊற்றினால் அடுத்த வாரம் மறுபடி போடுவாய். நான் ஊற்றச் சொன்னால் அதோடு சரி. உன் கை செய்த பொருள் இந்த உலகத்தில் இனி ஒன்றுமில்லை. இதைச் செய்யவா எனக்கு இந்த மூக்கு? மற்றவர்கள் மாதிரி எனக்கும் வெறும் பீராகத் தெரிந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை நூறு பேர் உன் பேரைச் சொல்லிக் குடித்திருப்பார்களே?

சேகர் அந்த வாரமே வேலையை விட்டுவிட்டார். சொந்த ஊரான ஜலகண்டாபுரத்துக்குப் போய்ப் பழையபடி தறி ஓட்டுகிறாராம். நான் போன் செய்தால் அவர் வீட்டம்மாதான் எடுக்கிறார். “தறீல நிக்கறாருங்க, சத்தத்துல கேக்காதுங்க” என்கிறார். எப்போது கூப்பிட்டாலும் தறியில்தான் நிற்கிறார். ஒரு மனுஷன் தன் கூட்டாளியின் சாவுக்கு வந்ததற்கு இப்படி ஒரு தண்டனையா? அந்தத் தண்டனையை என் வாயால் அல்லவா கொடுத்தேன்?

அமாவாசை அன்று உனக்கு அரிசிம்பருப்பு சாதமும் கொள்ளுக் கடைசலும் வைத்தோம். நான் அந்தப் பாட்டிலைப் படத்துக்கு முன்னால் வைத்தேன். அம்மா தடுக்கவில்லை. பூசை முடிந்ததும் அவளே பாட்டிலை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினாள். நீ உயிரோடு இருந்தவரை பீர் என்ற வார்த்தையை வீட்டுக்குள் விடாதவள்.

டம்ளரை மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். “ஏங்கண்ணு, வெண்ணெ காச்சுன வாசம் வருது” என்றாள்.

“ஆமாம்மா.”

“இதையா பூராத்தையும் கீழ ஊத்துனீங்க?”

கேட்டுவிட்டு ஒரு வாய் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு டம்ளரைக் காலி செய்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: “நல்லாத்தான் இருக்குது. அடுத்த தடவ வாரப்ப இதையே கொண்டாரச் சொல்லு அவன.”

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவள் காதிலேயே விழுந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உன் படத்தையே பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அந்த டம்ளரைக் கழுவ விட மாட்டேன் என்கிறாள். அதில் இப்போது ஒரு வாசமும் இல்லை. தினமும் மோந்து பார்க்கிறேன்.

பூபதி, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஞாயிறு ஜலகண்டாபுரம் போகிறேன். தறிச் சத்தம் நிற்கும்வரை வாசலில் உட்கார்ந்திருப்பேன். மறுபடி பீர் போடுங்கள் என்று கேட்கப் போகவில்லை. வெண்ணெய் வந்தது வந்ததுதான், அதை உனக்காகவும் அவருக்காகவும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இரண்டு நாளும் நீங்கள் டேங்கோடு இருந்திருந்தால் எங்கள் அம்மாவைத் தாங்க ஆள் இருந்திருக்காது, என் தம்பி நாலாவது தோள் இல்லாமல் கிடந்திருப்பான் என்று சொல்வேன். அன்று சொல்ல வராத வாயை அவர் முன்னால் திறக்காமல் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன்.

உன்னோடு பிறந்து, உனக்குப் பிறகும் இருக்கிற,
அக்கா வளர்மதி
நாமக்கல்